எழுத்துக்கும் முளைப்புச் சோதனை!

அனுபவப்பட்ட விவசாயி யாரும் விதைநெல்லை வாங்கிய கையோடு நாற்றங்காலில் கொட்டுவதில்லை. நூறு நெல்லை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் வரிசையாகப் பரப்பி, சுருட்டி, நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்துவருவார். நாள் கணக்கு முடிந்ததும் பிரித்து எண்ணுவார். எண்பதும் அதற்கு மேலும் முளைத்திருந்தால் தைரியமாக விதைப்பார். சான்று விதைக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறனும் நெல்லுக்கு 80 சதவிகிதம்தான்.

விதைக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள், மருந்து அளவைச் சொல்லும் துண்டுச்சீட்டை அப்படிப் பார்ப்பதில்லை. செல்போனில் வரும் செய்தியையும் பார்ப்பதில்லை. வந்த வேகத்தில் அது வயலில் இறங்கிவிடுகிறது. தப்பான விதை முளைக்காமல் போகும், அவ்வளவுதான். தப்பான அளவு, முளைத்ததையும் கருக்கிவிடும்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், எழுத்தையும் ஈரச் சாக்கில் சுருட்டிப் பார்த்தார்கள். ஒன்பது பேர், ஆனி மாதத்தில் பதினைந்து நாள், கூலி இல்லாமல் செய்த வேலை அது.

64 பக்கங்கள்

அந்தக் கிராமத்திலிருந்து படித்துப்போன பொறியியல் பட்டதாரி ஒருவர், சென்னையில் பார்த்த கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தார். சுற்றுவட்டார நெல் விவசாயிகளுக்காக ‘விக்கி’ ஒன்றைத் தயார் செய்யத் தொடங்கினார். விதைநேர்த்தியில் தொடங்கி அறுவடை வரை எல்லாம் ஒரே இடத்தில், தமிழில், செல்போனில் பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

விக்கி என்றால் பலர் சேர்ந்து எழுதித் திருத்தும் பக்கங்களின் தொகுப்பு. அமெரிக்காவைச் சேர்ந்த வார்டு கன்னிங்காம் 1995-ம் ஆண்டு மார்ச் 25 அன்று முதல் விக்கியைத் திறந்தார். ‘விக்கி விக்கி’ என்றால் ஹவாய் மொழியில் ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்று பொருள். ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்துக்கு இருந்த பெயரையே அவர் எடுத்துக்கொண்டார். பிறகு 2001-ல் விக்கிப்பீடியா வந்தது. தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது. இதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆகவே, அண்ணன் மகனுக்கு (ஊரில் அவரை அப்படித்தான் சொல்கிறார்கள், காரணம் பின்னால் வருகிறது) செலவு அதிகம் ஆகவில்லை. உழைப்புத்தான் ஆனது. கையேடுகள், பயிற்சியில் கொடுத்த தாள்கள், மூத்த விவசாயிகளின் குறிப்பேடுகள் எல்லாவற்றையும் திரட்டி எட்டு மாதத்தில் 64 பக்கங்கள் சேர்த்தார். ஆடிப்பெருக்கு அன்று திறந்துவிட்டால், சம்பாவுக்கு நாற்றுவிடுகிறவர்களுக்குச் சரியான நேரத்தில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்.

திறப்பதற்கு முன்னால் யாரிடமாவது கொடுத்துப் பார்க்க வேண்டும். முதலில் அவர் போய் நின்றது, சித்தப்பா வீட்டு வாசலில்.

முளைக்காமல் போன இரண்டு ஏக்கர்

சித்தப்பாவுக்கு 58 வயது. மூன்றரை ஏக்கர் நிலம். ஊரில் பாதிப் பேருக்கு அவர் சித்தப்பா, மீதிப் பேருக்கு அண்ணன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். செல்போனில் பேசுவார், வருகிற படங்களைப் பார்ப்பார்.

“எனக்குப் பச்சை பட்டன் செகப்பு பட்டனத் தவிர என்னடா தெரியும்? வாத்தியார் வூட்டுல போய்க் கேளு” என்றார்.

“தெரிஞ்சவங்கள வெச்சுப் பாத்தா தப்பு தெரியாது சித்தப்பா. அதுக்குத்தான் உங்களக் கூப்புடுறேன்” என்றார் அண்ணன் மகன்.

சொல்லாமல் விட்ட காரணம் இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பு குறுவைக்கு ஆள் கிடைக்காமல் சித்தப்பா இரண்டு ஏக்கரில் சேற்று விதைப்பு செய்திருந்தார். முளைகட்டிய விதையைத் தெளித்து மூன்று நாள் ஆகியிருந்தது. களைக்கொல்லி அளவு சொல்லும் படம் ஒன்று செல்போன் குழுவில் வந்தது. ‘பிரிட்டிலாகுளோர் ஒன்றரை லிட்டர், மணலில் கலந்து தூவவும்’ என்று அதில் இருந்தது. அதன்படியே ஏக்கருக்கு ஒன்றரை லிட்டர் வாங்கித் தூவினார்.

படத்தின் மேல்பகுதி வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட இரண்டு வரியில்தான் ‘நடவு வயலுக்கு’ என்பதும் ‘எக்டேருக்கு’ என்பதும் இருந்தன. ஓர் எக்டேர் என்பது கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கர். ஆக, போட வேண்டியதைப்போல் இரண்டரை மடங்கு போட்டார். அதைவிடப் பெரிய பிசகு இன்னொன்று. சேற்று விதைப்புக்கு, நெல்முளையைக் காக்கும் பாதுகாப்புப் பொருள் சேர்ந்த பிரிட்டிலாகுளோர்தான் போட வேண்டும். சாதா மருந்து, களையையும் நெல்லையும் பிரித்துப் பார்க்காது. முளை சுருண்டு, வளராமல் அப்படியே நின்றது. மறு உழவு, மறு விதை, ஆள்கூலி என்று 18,000 ரூபாய் போனது. பதினெட்டு நாள் பின்தங்கியதில், அறுவடை நேரத்தில் மழையும் பிடித்துக்கொண்டது.

அந்தப் படத்தைக் குழுவில் போட்டவர் அண்ணன் மகன்தான். சென்னையில் இருந்துகொண்டு, ஊருக்கு உதவட்டும் என்று எங்கிருந்தோ வந்ததை அப்படியே அனுப்பியிருந்தார். சித்தப்பா அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அண்ணன் மகன் தன் அம்மாவிடம் சொன்னதாக ஊரில் பேச்சு.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நாளைக்குக் காலைல வா. எருவு கொட்டிட்டு வந்துடுறேன்” என்றார்.

சொல்லிக் கொடுக்கக் கூடாது

மொத்தம் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். சித்தப்பா, ஓய்வுபெற்ற ஆசிரியர், மகளிர் குழுவிலிருந்து இரண்டு பேர், டிராக்டர் ஓட்டுநர், உரக்கடையில் வேலை பார்க்கும் பையன், பிளஸ் டூ மாணவி, குத்தகைக்குப் பயிர் செய்கிற இரண்டு சகோதரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுக்கப்பட்டது. பக்கத்துக்கு மூன்று கட்டம்: என்ன தேடினேன், என்ன கிடைத்தது, எங்கே நின்றேன்.

விதி ஒன்றே ஒன்று. தேடும்போது அண்ணன் மகன் பக்கத்தில் உட்காரலாம்; வாய் திறக்கக் கூடாது. ‘அங்கே தொடுங்க’, ‘கீழே தள்ளுங்க’ என்று சொல்லக் கூடாது. நாளைக்கு வயலில் நிற்கும் விவசாயிக்குப் பக்கத்தில் அவர் இருக்கப்போவதில்லை அல்லவா? முதல் நாள் அவர் நான்கு தடவை வாய் திறந்தார். ஆசிரியர் நான்கையும் நோட்டில் குறித்துக்கொண்டார். “தம்பி, நீ வாயத் தொறந்த எடமெல்லாம் பக்கத்துல ஓட்டை இருக்குற எடம்” என்றார். அன்று திருத்திய முதல் நான்கு இடங்கள் அவைதான்.

புகையானைக் காணோம்

டிராக்டர் ஓட்டுநருக்குக் கொடுத்த கேள்வி: ‘தூர்க்கட்டில் பூச்சி அடைந்து, வட்டம் வட்டமாகப் பயிர் காய்கிறது. என்ன செய்வது?’

அவர் ஒரு நொடி யோசிக்கவில்லை. ‘புகையான்’ என்று தட்டினார். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினார், வரவில்லை. “இதுல புகையானே இல்லயேப்பா” என்று போனை வைத்துவிட்டார்.

பக்கம் இருந்தது. ‘பழுப்புத் தத்துப்பூச்சி’ என்ற தலைப்பில் இருந்தது. கையேட்டில் இருந்த பெயர் அது. அதேபோல் ‘குருத்துப்பூச்சி’ தேடியவருக்கு ‘தண்டுத்துளைப்பான்’ கிடைக்கவில்லை. ‘நெல்லுக்கு உரம்’ என்று தேடினால் எதுவும் வரவில்லை. ‘நெல்’ என்று மட்டும் தேடினால் வந்தது. தமிழில் சொல்லோடு உருபு ஒட்டிக்கொள்ளும்; இயந்திரத்துக்கு ‘நெல்’ வேறு, ‘நெல்லுக்கு’ வேறு.

விக்கியில் இதற்கு வழி இருக்கிறது. ‘வழிமாற்று’ என்பார்கள். புகையான் என்று தேடினாலும் பழுப்புத் தத்துப்பூச்சி என்று தேடினாலும் ஒரே பக்கத்துக்குப் போகும். மகளிர் குழுப் பெண்கள் இரண்டு பேரும் ஊர் ஊராகக் கேட்டு, பூச்சி, நோய், களை என்று வழக்குப் பெயர்களைப் பட்டியல் போட்டார்கள். தலைப்பும் மாறியது. ஊர்ப் பெயர் முதலில், புத்தகப் பெயர் அடுத்த வரியில்.

புகையான் பக்கத்தின் உள்ளேயும் குறை இருந்தது. மருந்தின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எப்போது அடிக்க வேண்டும் என்பது இல்லை. ஒரு தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தாண்டினால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. தண்ணீரை வடிப்பது, தழைச்சத்தை அள்ளிப் போடாமல் பிரித்துப் போடுவது, நடும்போதே இரண்டரை மீட்டருக்கு ஒரு தடவை ஓரடிப் பட்டம் விடுவது ஆகிய மூன்றும் மருந்துக்கு முன்னால் வர வேண்டியவை. செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளை அடித்தால் புகையான் குறையாமல் பெருகும் என்ற எச்சரிக்கையும் இல்லை. உரக்கடைப் பையன்தான் அதைச் சொன்னான். “இது இல்லாம தொறந்தீங்கன்னா, கடைல என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ணே” என்றான்.

ஏக்கரா, எக்டேரா, மாவா?

சித்தப்பாவிடம் வந்தது துத்தநாக சல்பேட் பக்கம். ‘எக்டேருக்கு 25 கிலோ’ என்று இருந்தது. அளவு சரி. அவர் நோட்டில், ‘எங்கே நின்றேன்’ என்ற கட்டத்தில், ‘இங்கதான்’ என்று எழுதினார்.

டெல்டாவில் இன்னமும் மா கணக்குத்தான் வாயில் வருகிறது. நூறு குழி ஒரு மா. மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. எக்டேர் என்பது தாளில் மட்டும் இருக்கும் அளவு. ஆகவே 25 கிலோ என்பதை ஏக்கருக்கு 10 கிலோ என்றும், மாவுக்கு 3 கிலோ 300 கிராம் என்றும் எழுத வேண்டும். காய்ந்த மணலோடு கலந்து, நடவுக்கு முன் சமன் செய்த வயலில் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்தோடு கலக்கக் கூடாது. இதையெல்லாம் பக்கத்திலேயே சொன்னால்தான் முழுமை.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. 64 பக்கங்களில் 27 பக்கங்கள் எக்டேரில் இருந்தன. 14 பக்கங்கள் ஏக்கரில் இருந்தன. மூன்று பக்கங்களில் எதற்கு என்றே இல்லாமல் ‘500 மில்லி’ என்று மட்டும் இருந்தது. யூரியா பக்கத்தில் அளவு மூட்டைக் கணக்கில் இருந்தது. அதை எழுதியபோது மூட்டை 50 கிலோ. 2018-லிருந்து யூரியா மூட்டை 45 கிலோ. ‘இரண்டு மூட்டை’ என்றால் அன்றைக்கு 100, இன்றைக்கு 90.

தெளிப்பான் விஷயமும் அப்படித்தான். ஐந்து சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு 10 லிட்டர் டேங்குக்கு அரை கிலோ பருப்பு. கைத்தெளிப்பான் காலத்துக் கணக்கு இது. இன்று ஊரில் பாதிப் பேர் தோளில் மாட்டியிருப்பது 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான். அதற்கு 800 கிராம் வேண்டும். அரை கிலோ போட்டுவிட்டு, ‘வேப்பங்கொட்டை கேக்கல’ என்று சொன்னால் தப்பு கொட்டையில் இல்லை. எல்லாப் பக்கத்திலும் ஏக்கர், மா, 10 லிட்டர், 16 லிட்டர் என்று நான்கு கட்டம் போட்டே தீர வேண்டும் என்று சித்தப்பா ஒரே பிடியாக நின்றார்.

காதால் படிக்கிறவர்கள்

மகளிர் குழுவில் மூத்தவருக்கு எழுதப் படிக்க வராது. மகள் படிக்க, அவர் கேட்பார். இவரை எதற்குச் சேர்த்தார்கள் என்று முதலில் சிலர் நினைத்தது உண்டு. ஆனால், அவர் கண்டுபிடித்த குறை வேறு யாருக்கும் படவில்லை.

‘மேற்கூறிய அளவில் கலந்து, கீழ்க்கண்ட அட்டவணைப்படி தெளிக்கவும்’ என்று மகள் படித்தாள். “மேலன்னா எங்கடி? கீழன்னா எங்க?” என்று கேட்டார் அம்மா. கேட்கிறவருக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. எண்ணை அதே வரியில் திரும்பச் சொன்னால்தான் காதில் நிற்கும். ஒரே வாக்கியத்தில் நான்கு வேலை சொன்னால் மூன்றாவது மறந்துபோகும். அன்றிலிருந்து ஒரு வரிக்கு ஒரு வேலை என்று ஆனது. ‘மேற்கூறிய’, ‘கீழ்க்கண்ட’ இரண்டும் எல்லாப் பக்கத்திலிருந்தும் வெளியேறின.

குத்தகை சகோதரர்கள் வயலில் நின்றே பார்த்தார்கள். உச்சி வெயிலில் வெளிர் எழுத்து தெரியவில்லை. சேற்றுக்கை பட்டால் போன் கேட்கவில்லை. இலைச்சுருட்டுப்புழு படம் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்போல் இருந்தது; கேமராவில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றியிருந்தார்கள். படங்களைச் சுருக்கி, எழுத்து முதலில், படம் பிறகு என்று மாற்றினார்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தாள்களிலிருந்து ஒட்டிய மூன்று பக்கங்கள் செல்போனில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. அவற்றை மாணவி உட்கார்ந்து புதிதாகத் தட்டச்சு செய்தாள்.

தனித்தனியே சரி, சேர்ந்தால் தப்பு

விதைநேர்த்திக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன. ஒன்றில் கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டசிம். இன்னொன்றில் கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ். இரண்டு பக்கங்களும் சரி. ஆனால், இரண்டையும் படித்த ஆசிரியர், ‘இரண்டும் செய்ய வேண்டும்போல’ என்று எடுத்துக்கொண்டார். சூடோமோனாஸ் உயிருள்ள பாக்டீரியா. ரசாயன பூசணக்கொல்லியோடு சேர்த்தால் அது பிழைக்காது, காசுதான் வீண். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா போன்ற உயிர் உரங்களோடு சூடோமோனாஸைத் தாராளமாகச் சேர்க்கலாம். ‘இதைச் செய்தால் அதைச் செய்யாதே’ என்ற ஒரு வரி இரண்டு பக்கங்களிலும் தேவைப்பட்டது. தனித்தனியாக ஆள் வைத்து எழுதினால் இந்தக் குறை வரத்தான் செய்யும். முதலிலிருந்து கடைசி வரை ஒருவர் படித்தால்தான் கண்ணில் படும்.

2 என்பது 20 ஆன கதை

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் எல்லோரும் கூடியிருந்தார்கள். திருத்தம் எல்லாம் முடிந்துவிட்டது, ஆடிப்பெருக்கு அன்று திறந்துவிடலாம் என்று அண்ணன் மகன் சொல்லிக்கொண்டிருந்தார். மாணவி கையைத் தூக்கினாள்.

“அண்ணா, விதைநேர்த்திப் பக்கத்துல 2 கிராமை 20 கிராம்னு மாத்தி மூணு நாளாச்சு. யாரும் பாக்கல.”

கூட்டம் அமைதியானது. ‘உடைத்துப் பாருங்கள்’ என்று முதல் நாள் சொன்னவர் அண்ணன் மகன்தான். மாணவி உடைத்துப் பார்த்திருந்தாள். விக்கியில் ‘வரலாறு’ என்று ஒரு பகுதி உண்டு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது அதில் பதிவாகியிருக்கும். ஒரு தட்டில் பழையபடி ஆக்கிவிடலாம். அவள் மாற்றியதும் அதில் பதிவாகித்தான் இருந்தது. ஆனால், பார்க்கிற கண் இல்லாவிட்டால் பதிவு இருந்து என்ன பயன்? விதைப்பு நேரமாக இருந்திருந்தால், அந்த மூன்று நாளில் எத்தனை பேர் விதை நனைத்திருப்பார்கள்?

அண்ணன் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “எட்டு மாசமா ஒத்தையா செஞ்சிருக்கேன். குத்தமாவே கண்டுபுடிக்கிறீங்க” என்றார்.

சித்தப்பாதான் பேசினார். “விதை முளைக்கலன்னு சொன்னா, வெதை குடுத்தவன் கோவிச்சுக்கக் கூடாதுடா. சாக்குல முளைக்கலன்னு தெரிஞ்சா சாக்கோட போச்சு. வயல்ல முளைக்கலன்னா...” அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அங்கே யாருக்கும் இருக்கவில்லை.

அன்று இரவே புது ஏற்பாடு முடிவானது. அளவு சொல்லும் பக்கங்களைப் பூட்டிவிட வேண்டும். யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லலாம், ஆனால் ‘பேச்சு’ப் பக்கத்தில்தான் சொல்ல வேண்டும். இரண்டு பேர் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்டால்தான் எண் மாறும். அதில் ஒருவர் வேளாண்மை அறிந்தவராகவும், இன்னொருவர் அந்தப் பயிரைக் கையால் செய்கிறவராகவும் இருக்க வேண்டும். ‘அண்மைய மாற்றங்கள்’ பகுதியைத் தினமும் காலையில் ஒருவர் முறைவைத்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் முறை பார்க்கிற ஊர் அது. முறை என்றால் தவறாது.

ஆடிப்பெருக்குக்கு 26 பக்கங்கள் மட்டும் திறந்தார்கள். விதைத் தேர்வு, விதைநேர்த்தி, நாற்றங்கால், அடியுரம் ஆகிய பகுதிகள் அவை. சம்பாவுக்கு உடனே வேண்டியவை. மீதி 38 பக்கங்களில் ‘இன்னும் சரிபார்க்கவில்லை’ என்ற வரி மட்டும் இருந்தது. அரைகுறையாகத் திறந்ததில் அண்ணன் மகனுக்கு வருத்தம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த ஒருவர், “இதுல ஒண்ணும் இல்லயே” என்றும் சொல்லிவிட்டுப் போனார். சரிபார்த்த 26 போதும் என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கைக்கு வரும் தாளுக்கும் இதே சோதனை

விக்கி இல்லாத ஊரிலும் துண்டுச்சீட்டும் செல்போன் செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த ஒன்பது பேர் நோட்டிலிருந்து எல்லோருக்கும் பயன்படுவது இவ்வளவு:

* அளவு ஏக்கருக்கா, எக்டேருக்கா, டேங்குக்கா? சொல்லவில்லை என்றால் அந்தத் தாளை நம்ப வேண்டாம்.
* நடவுக்கா, நேரடி விதைப்புக்கா? விதைத்து அல்லது நட்டு எத்தனையாவது நாள்?
* உங்கள் தெளிப்பான் எத்தனை லிட்டர்? கணக்கை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.
* இதோடு எதைக் கலக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறதா?
* வெட்டிய படமாக இருந்தால் முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். மருந்துப் புட்டியின் மேல் ஒட்டிய சீட்டோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், அடிக்கும் முன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுவிடுங்கள்.
* வீட்டில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். குழப்பம் இருந்தால் காது காட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு வெற்றுப் பக்கம்

ஆவணியில் மீதிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா ஒன்றைக் கவனித்தார். ‘களைக்கொல்லி’ என்று தலைப்பு இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“இது ஏன்டா காலியா கெடக்கு?”

அண்ணன் மகன் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். “அத என்னால எழுத முடியல சித்தப்பா. ரெண்டு தடவை உக்காந்தேன்.”

சித்தப்பா போனை வாங்கிக்கொண்டார். தமிழில் தட்டப் பழகி அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து, ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மாடு கட்டுகிற நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை.

அளவுகளை அவர் எழுதவில்லை. அதைத் தெரிந்தவர்கள் எழுதிச் சரிபார்க்கட்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்தின் உச்சியில், யாரும் படத்தை வெட்டினாலும் தப்பாதபடி பக்கத்தின் நடுவிலும், பிறகு அடியிலும் என்று ஒரே விஷயத்தை மூன்று தடவை எழுதியிருந்தார்:

‘சாதா பிரிட்டிலாகுளோர் நடவு வயலுக்கு மட்டும். சேற்று விதைப்பில் போடாதீர்கள். ஏக்கர் எது எக்டேர் எது என்று பார்த்துப் போடுங்கள். போட்டவன் சொல்கிறேன்.’

கடைசி இரண்டு சொற்களும் இப்படிப்பட்ட பக்கத்தில் வரக் கூடாது, எடுத்துவிடலாம் என்றார் ஆசிரியர். விதிப்படி இரண்டு பேர் ஒப்புக்கொண்டால்தான் மாற்ற முடியும். அண்ணன் மகன் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வரி இன்னும் அங்கேயே இருக்கிறது, மூன்று இடத்திலும்.